டிரான்ஸ்ஃபார்மருக்கு முகவரி இருக்கிறது

என் கணவருக்குப் படிவம் என்றாலே ஆகாது. படிவம் செய்வதுதான் அவர் பிழைப்பு என்பதால் இதை நான் வெளியில் சொல்வதில்லை. இணையதளங்களில் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்களே, அதைச் செய்து கொடுப்பவர் அவர். பிறர் செய்த படிவம் கண்ணில் பட்டால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒருமுறை பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனவர், அங்கே நீட்டிய தாளில் பிறந்த தேதிக்கு விட்ட இடம் போதாது என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபது நிமிடம் பாடம் எடுத்தார். பேசிய வேகத்தில் பல்வலி போய்விட்டது. அந்தத் தாள் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்வேன். தெரியாதவர்கள் தெரியவில்லை என்று சொல்வதே இல்லை. முன்னால் போனவர் படித்ததை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதுவும் முடியாதவர்கள், திடீரென்று அவசர வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார்கள். இதைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். எழுந்து போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும்.

எங்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிடம் நடந்தால் ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. அதை விட்டால் அடுத்தது இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம், முக்கால் மணி நேரம். என் கடை எட்டரைக்குத் திறக்கும். அவளைத் தூரத்துப் பள்ளியில் விட்டுவிட்டு நான் எட்டரைக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் எனக்கு இறக்கை முளைக்க வேண்டும். அவருக்கோ ஊரின் நாலு மூலையிலும் வேலை, எந்த நாள் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆக, பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டும். இதை நாங்கள் ஆற அமரப் பேசி, வேறு வழியில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தோம்.

அந்தப் பள்ளியில் முதல் வகுப்புக்கு அறுபது இடம். வட்டாரத்துக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி. போன வருடம் நாற்பத்தொரு பெற்றோர்கள் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையின் முகவரி அது. ஒரே ஷட்டர், உள்ளே ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும், அவ்வளவு இடம். பள்ளியிலிருந்து போன வரவேற்புக் கடிதங்கள் நாற்பத்தொன்றும் அங்கேதான் போய் இறங்கின. கடைக்காரர் அதை அகர வரிசையில் அடுக்கி வைத்து, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை நோட்டு வாங்கப் போன இடத்தில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

அதற்குப் பிறகுதான் பள்ளியின் இணையதளப் படிவத்தைத் திருத்தித் தர என் கணவரை அழைத்தார்கள். அவர் அதில் முகவரி தேடும் சேவை ஒன்றை இணைத்தார். தெருவின் பெயரில் நாலு எழுத்து தட்டினால், அந்தத் தெருவின் வீடுகளெல்லாம் வரிசையாகக் கீழே இறங்கும். உங்கள் வீட்டைத் தொட்டால் கதவு எண் முதல் எல்லாம் தானே நிரம்பிவிடும். அந்தப் பட்டியல் நகராட்சிப் பதிவேட்டிலிருந்து வருகிறது. எது வீடு, எது கடை, எது கிடங்கு என்று அதற்குத் தெரியும். கடையைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் முடியாது என்று சொல்லிவிடும்.

மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு இதே பேச்சுதான். அந்தச் சேவையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு பொத்தான் இருந்ததாம். 'என் முகவரி பட்டியலில் இல்லை' என்று. அதை அழுத்தினால் ஒரு வெற்றுக் கட்டம் திறக்கும், அவரவர் முகவரியை அவரவரே எழுதலாம்.

"அந்தப் பொத்தான தூக்கிட்டேன்" என்றார் ஒருநாள், கொசு அடித்தவர் போல.

"ஏங்க?"

"அந்த ஓட்டை வழியாத்தான் நாப்பத்தொரு பேரும் திரும்ப உள்ள வருவாங்க. அதுவும் எப்படி எழுதுவாங்க தெரியுமா? தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட்டுக்குப் பின்னாடி, நாய் கட்டியிருக்கற வீட்டுக்குப் பக்கத்துலன்னு. நாய் செத்துப்போச்சுன்னா? இதெல்லாம் ஒரு முகவரியா?"

"நிஜமாவே பட்டியல்ல இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"பட்டியல்ல இல்லன்னா அப்படி ஒரு வீடே இல்லன்னு அர்த்தம்."

வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. இதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் பள்ளிக்கு அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தார்.

படிவம் ஏழு நாள் திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். முதல் ஆறு நாளில் ஒரு தவறான முகவரிகூட வரவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தாராம். அதை என்னிடம் இரண்டு தடவையும் மகளிடம் ஒரு தடவையும் சொன்னார்.

எங்கள் மகளின் விண்ணப்பத்தை மட்டும் தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நான் செஞ்ச படிவத்த நானே நிரப்பினா முறையில்ல. நீ நிரப்பு. ரெண்டு நிமிஷ வேலை. கடைசி நாள்லகூட நிரப்பலாம்."

நான் நம்பினேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். மதியம் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்தேன். மகள் தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். படிவம் நிரப்புவது என்றால் அன்றைக்கே பள்ளிக்குப் போவது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

முதல் பக்கத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, என் தொலைபேசி எண். நாற்பது விநாடியில் முடிந்தது. மனசுக்குள் அவரைப் பாராட்டவும் செய்தேன், கெட்ட நேரம். இரண்டாம் பக்கம் முகவரி. தெருவின் பெயரில் நாலு எழுத்து தட்டினேன். வீடுகள் இறங்கின. எட்டு, பத்து, பன்னிரண்டு அ, பதினாலு, பதினாறு.

எங்கள் வீடு பன்னிரண்டு.

மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். பன்னிரண்டு இல்லை. சரி, பன்னிரண்டு அ என்பதுதான் நாமோ என்று அதைத் தொட்டேன். 'டிரான்ஸ்ஃபார்மர் அறை. இது குடியிருப்பு அல்ல' என்று சிவப்பாக வந்தது. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அறை இருக்கிறது. நாள் முழுக்க உம்மென்று முனகிக்கொண்டே இருக்கும். அதற்கு முகவரி இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கடைசி நாள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு அவர் பள்ளியிலேயே இருந்தார்.

"ஏங்க, நம்ம வீடு வரமாட்டேங்குது."

"பக்கத்த ஒருதடவ ரீஃப்ரெஷ் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"எழுத்துப்பிழை இருக்கும். தெரு பேர சரியா அடி."

"அக்கம்பக்கம் எல்லாம் வருதுங்க. டிரான்ஸ்ஃபார்மர்கூட வருது."

"அப்ப நீ வேகமா தள்ளிட்டே. நிதானமா ஒவ்வொண்ணா படிச்சிட்டு வா. நிறைய பேரு பண்ற தப்புதான் இது." அவர் குரலில் அந்த 'நிறைய பேரு' வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் அடுத்தவங்க கண்ண பரிசோதிக்கறவ. நீங்களே பாருங்க."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது.

"நம்ம வீடு இல்ல" என்றார்.

"இல்லன்னா நான் இப்ப எங்க உக்காந்திருக்கேன்?"

மறுபடி விசைகளைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இந்தப் புது வீட்டுக்கு வந்த மாதம், நகராட்சியிலிருந்து ஒரு இணையப் படிவம் வந்தது. வீட்டைப் பதிவேட்டில் சேர்க்க நிரப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். தெருவில் எல்லோரும் நிரப்பி அனுப்பினார்கள். என் கணவர் அதனோடு சண்டைக்குப் போனார். அதில் 'வீட்டின் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று. எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது. சும்மா ஒரு கோடு போட்டு அனுப்புங்கள் என்றேன். கோடு எப்படிப் பெயராகும் என்றார். கருத்துகள் என்ற கட்டத்தில் 'உங்கள் படிவத்தில் உள்ள இருபத்தாறு குறைகள்' என்று கடிதம் எழுதத் தொடங்கினார். பதினேழாவது குறையில் கட்டம் நிறைந்துவிட்டது. ஒரு எழுத்தைக்கூடக் குறைக்க மாட்டேன் என்று சொல்லி, அனுப்பாமலே கணினியை மூடிவிட்டார்.

"அந்த நகராட்சி படிவம்" என்றேன்.

"ம்" என்றார்.

"இருபத்தாறு குறை."

"அதுல முகவரி கட்டமே தப்பான இடத்துல…"

"பேசாதீங்க. மணி ரெண்டே கால். நீங்கதான அங்க எல்லாத்தையும் வெச்சிருக்கீங்க. ஒரு வரி எழுதி நம்ம குட்டி பேர உள்ள தள்ளிடுங்க."

"அது முடியாது."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன். அந்த நாப்பத்தொரு பேருக்கும் நமக்கும் அப்பறம் என்ன வித்தியாசம்?"

அந்தக் கணம் அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. போனை வைத்தேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பதினோரு வருடமாகச் செய்யும் வேலை, எனக்குப் பிடித்த வேலை, நாலு எழுத்து தட்டி இறங்கிய ஒரு பட்டியலில் காணாமல் போய்விடும் போலிருந்தது. அவர் சொன்னது சரி என்பது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, கோபத்தில் மூன்று நிமிடத்தில் போய்விட்டேன்.

பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "முகவரி பிரச்சனையாம்மா? போன வருஷம்னா நம்ம கடை இருந்துச்சு. இப்ப எவனோ புண்ணியவான் ஏதோ ஒண்ண வெச்சிட்டான், நம்ம கடைய தொட்டா சிவப்பா கத்துது."

அந்தப் புண்ணியவான் என் வீட்டுக்காரர்தான் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தலைமை ஆசிரியையின் அறையில் என் கணவர் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் என்பது அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது. அவர் கையில் இவர் எழுதிக் கொடுத்த அறிக்கை இருந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு நாலாவது பத்தியை உரக்கப் படித்தார்.

"'பதிவேட்டில் இடம்பெறாத முகவரி, நடைமுறையில் இல்லாத முகவரியாகவே கருதத்தக்கது.' நீங்க எழுதினதுதான?"

"ஆமா மேடம்."

"அப்ப உங்க வீடு நடைமுறையில இல்ல."

"இருக்கு மேடம்."

"எங்க இருக்கு?"

"டிரான்ஸ்ஃபார்மருக்குப்…" என்று ஆரம்பித்தவர், மீதியை மென்று விழுங்கிவிட்டார். பக்கத்தில், எதிரில், பின்னால் என்ற சொற்களை முகவரியில் சேர்ப்பவர்களைத் திருமணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருப்பவர் ஆயிற்றே. வாய் வரவில்லை.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். மேசை மேல் இருந்த திரையில் படிவத்தின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திறந்தவர்கள் 61. அனுப்பியவர்கள் 38. தவறான முகவரி 0. அந்தச் சுழியத்தை என் கணவர் பச்சை நிறத்தில் பெரிதாகப் போட்டிருந்தார். அதன் கீழே, பொடி எழுத்தில், ஆர்வமில்லாதவர்கள் 23.

"இது யாரு, ஆர்வமில்லாதவங்க?" என்று கேட்டேன்.

"பாதி நிரப்பிட்டு விட்டுட்டுப் போனவங்க. எல்லா படிவத்திலயும் இருப்பாங்க. சும்மா திறந்து பாத்துட்டுப் போறவங்க."

"எந்தக் கட்டத்துல விட்டுட்டுப் போனாங்க?"

கடையில் எழுந்து போகிறவர்களை நான் கதவு வரைக்கும் கவனிப்பேன், எந்த வரியில் எழுந்தார் என்று. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டேன். அவர் அந்த எண்ணைத் தொட்டார். இருபத்துமூன்று வரி விரிந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் பக்கத்தில் கொடுத்த தொலைபேசி எண், அவர்கள் கடைசியாகத் தொட்ட கட்டம், நேரம். கடைசியாகத் தொட்ட கட்டம்: முகவரி. முகவரி. முகவரி. கீழே வரைக்கும் அதே சொல்தான். ஒன்றிரண்டு பேர் அதே கட்டத்துக்கு ஐந்து தடவை, ஏழு தடவை திரும்பி வந்திருந்தார்கள்.

கடைசி வரியின் நேரம் இரண்டு பதினாலு.

"அது யார் நம்பர்?" என்றேன்.

அவர் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். "உன்னுது."

"ஓ. எனக்கு ஆர்வமில்லையா?"

"ஆர்வம்னா என்னம்மா?" என்றாள் மகள்.

"பள்ளிக்கூடத்துக்கு வரணும்னு ஆசை" என்று தலைமை ஆசிரியை பதில் சொன்னார்.

"எனக்கு இருக்கே" என்று அவள் பையைக் கழற்றி மேசை மேல் வைத்துத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பென்சில், ஒரு அழிப்பான், ஒற்றைக் காலுறை.

என் கணவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. "தப்பு என்னுது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த இரண்டு சொல்லையும் அவர் வாயிலிருந்து சேர்த்து நான் கேட்டதில்லை. சாட்சிக்கு ஒரு ஆள் இருந்தது என் அதிர்ஷ்டம்.

தலைமை ஆசிரியை நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு நாளா நான் மண்டைய உடைச்சிக்கிட்டிருக்கேன். அறுபது இடம், முப்பத்தெட்டு விண்ணப்பம். இந்த வட்டாரத்துல பிள்ளைங்களே பொறக்கலையான்னு. நீங்க என்னடான்னா தப்பே இல்லன்னு காட்டுறீங்க. நானும் கை தட்ட வெச்சேன்."

"பொத்தான திரும்ப வெச்சிடறேன் மேடம். பத்து நிமிஷம்."

"வைங்க. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் தரேன். ஆனா அந்தப் பொத்தான அழுத்தி எழுதறவங்க வீட்ட யாரு பாக்கறது? போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க. நடந்து போங்க. அதுக்கு முன்னாடி இந்த இருபத்திமூணு பேருக்கும் இங்கயே உக்காந்து போன் பண்ணுங்க. எனக்கும் கேக்கணும்."

பத்து நிமிடத்தில் பொத்தான் திரும்ப வந்தது. அடுத்து அவர் ஒவ்வொரு எண்ணாக அழைத்தார், போனை ஸ்பீக்கரில் போட்டு. முதல் ஆள் எடுத்த எடுப்பிலேயே, "சார், அந்த ஸ்டேஷனரி கடைய தொட்டா சிவப்பா வருது, அதுக்கு வேற ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டார். அப்படி ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் ஒளிவு மறைவே இல்லாமல் கேட்டார்கள். இன்னும் இரண்டு பேர் சும்மா நிரப்பிப் பார்த்தவர்கள். ஒருவருக்குக் குழந்தையே கிடையாது.

ஒன்பதாவது அழைப்பை ஒரு பெண் எடுத்தார். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியிலிருந்து என்றதும் இயந்திரம் நின்றது.

"முகவரி கட்டத்துக்கு ஏழு தடவ வந்துட்டுப் போயிருக்கீங்களே, அதான் கேக்கலாம்னு…" என்றார் இவர்.

"ஆமா சார், மூணு நாளா தேடினேன். எல்லார் வீடும் வருது, எங்க வீடு வரல. நாங்க லாண்டரிக்கு மேல இருக்கோம். லாண்டரி வருது, அதத் தொட்டா கடைங்குது. சரி, நமக்கு இல்ல போலன்னு விட்டுட்டேன்."

"படிவத்துக்குக் கீழ பள்ளிக்கூட நம்பர் போட்டிருந்துச்சே. கூப்பிட்டிருக்கலாமே?"

"கம்ப்யூட்டரே இல்லன்னு சொல்லுது. அப்பறம் ஆளுங்கள்ட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், பள்ளிக்கூடம் நெறஞ்சிடுச்சுன்னு. ரெண்டு நாள் அழுதா. இப்ப சரியாயிட்டா."

அவர் போனை என் பக்கம் தள்ளினார். நான் போனை வாங்கி, பொத்தான் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்த வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். "என்ன எழுதணும்?" என்று கேட்டார். "உங்க வீடு எங்க இருக்கோ அத அப்படியே எழுதுங்க" என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பட்டியலில் என் மகளுக்கு முன்னால் நிற்பவளும் ஒரு ஆறு வயதுக்காரி என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் மகளை மட்டும் உள்ளே தள்ளச் சொன்னவள் நான். இவர் அன்றைக்கு நான் சொன்னபடி கேட்டிருந்தால் எங்கள் வேலை முடிந்திருக்கும், அந்தத் திரையை யாரும் விரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் தேறினார்கள். வீட்டுக்கு வந்து நானும் பொத்தானை அழுத்தினேன். 'டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடு' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நகராட்சிப் படிவத்தைத் திறந்தார். நாலு வருடமாகியும் ஒரு குறைகூடத் திருந்தவில்லை, புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது, இப்போது இருபத்தேழு. பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். வீட்டின் பெயர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கருத்துகள் கட்டத்தைக் காலியாக விட்டார். அவரைப் பொறுத்தவரை இது சாதாரணத் தியாகமில்லை.

அப்புறம் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் கூடப் போனோம். காகிதத்தில் அவரவர் எழுதியது அப்படியே இருந்தது. லாண்டரிக்கு மேலே, இரும்புப் படி, மூன்றாவது படி ஆடும், பார்த்து வரவும். பேக்கரிக்குப் பின்னால், மணி வேலை செய்யாது, சத்தமாகக் கூப்பிடவும். அண்ணன் தம்பி சுவர் வைத்துப் பிரித்த வீட்டில் தம்பி பாதி, அண்ணன் கதவைத் தட்ட வேண்டாம். பதினாலு வீட்டில் ஒன்றைக்கூட நாங்கள் தேடி அலையவில்லை. மூன்றாவது படி நிஜமாகவே ஆடியது. தைக்கிற அம்மாள் தன் மகளை முன்னால் நிறுத்தி, "இவதான் சார்" என்றார், ஆளை அடையாளம் காட்டுவது போல. அந்தச் சிறுமி என் மகளிடம் பள்ளியில் ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் ஒன்றுதான் என்றாள் இவள், பலநாள் படித்தவள் மாதிரி.

எங்கள் வீட்டை மட்டும் அவரே பார்த்து அவரே சரி என்று எழுதக் கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்த அம்மாளே நடந்து வந்தார். மகள் தெருமுனைக்கே போய் அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். கட்டிக் கொடுத்தவர் பெயிண்டால் எழுதிவிட்டுப் போன பன்னிரண்டு, மழையில் கரைந்து இரண்டாக நின்றது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருந்தது. அதன் கதவில் பன்னிரண்டு அ என்று இரும்புத் தகடு பளபளவென்று இருந்தது.

"சரி, வீடு இருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "என்னன்னு எழுதிக்க? டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீடுன்னு எழுதிக்கவா? உங்க மனைவி அப்படித்தான் போட்டிருக்காங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். மறுபடி மென்று விழுங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது போதாது மேடம்" என்றார். "பக்கத்துலன்னா எந்தப் பக்கம்? லாண்டரி அம்மா எவ்ளோ தெளிவா எழுதியிருந்தாங்க. டிரான்ஸ்ஃபார்மர பாத்து நின்னா இடது கைப் பக்கம். கறுப்பு கேட்டு. எதிர்ல ஒரு நாய் கட்டியிருக்கும், ஒண்ணும் செய்யாது. எழுதிக்கங்க."